காசியோப்பியா ஏ

காசியோப்பியா ஏ என்பது, பூமியிலிருந்து சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில் விரிந்துகொண்டிருக்கும் சூப்பர்நோவா எச்சம். பெருநிறை விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறியதில் மிஞ்சியது. வெடிப்பின் ஒளி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். பார்த்ததாக ஐயமற்ற பதிவு ஒன்றும் இல்லை. 1948இல் கேம்பிரிட்ஜின் ரைலும் கிரஹாம் ஸ்மித்தும் ரேடியோ அலைகளில்தான் இதைக் கண்டுபிடித்தனர்.

அதிர்வலை சிதறலைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்குவதால் அது எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. சிலிக்கன் என்றால் ஏறத்தாழ 1.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கந்தகம் 2.4, இரும்பு 6.6 அருகே என நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு மேடு எழும். விண்மீனின் வயிற்றில் என்ன சமைந்தது என்பதை அதிலிருந்து படித்துவிடலாம். வளிமண்டலம் எக்ஸ் கதிரைத் தடுத்துவிடும். எனவே 1960களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ராக்கெட்டில் கருவியை ஏற்றித்தான் இதன் எக்ஸ் கதிரைப் பிடித்தது.

படம் தெளிந்தது 1999இல். ஜூலை 23 அன்று ஏவப்பட்ட நாசாவின் சந்திரா தொலைநோக்கி, முதல் படமாக வெளியிட்டதே காசியோப்பியா ஏயைத்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. விண்மீனின் கருவில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை சேர்ந்தால் எலக்ட்ரான் அழுத்தத்தால் அதைத் தாங்க முடியாது என்பது அவர் கணக்கு. இந்த விண்மீனின் இரும்புக் கருவும் அந்த வரம்பைத் தாண்டியே சரிந்திருக்க வேண்டும். படத்தின் நடுவே அதுவரை யாரும் காணாத ஒளிப்புள்ளி ஒன்று இருந்தது: சரிந்த கருவின் மிச்சமான நியூட்ரான் விண்மீன். பெயர் இவ்வளவு பொருந்திப்போனது தற்செயல்தான்.

அடுத்த ஆண்டே இன்னொரு வியப்பு. ஆழத்தில் உருவாகும் இரும்பு, எச்சத்தின் தென்கிழக்கில் சிலிக்கனுக்கு வெளியே கிடந்தது. அதாவது, வெடிப்பு உள்ளதை வெளியே புரட்டிவிட்டிருந்தது. வெடிப்பு சீரான கோளமாக விரியவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. 2014இல் நாசாவின் நியூஸ்டார் எக்ஸ் கதிர் தொலைநோக்கி தீட்டிய டைட்டேனியம்-44 வரைபடமும் அதே ஒழுங்கின்மையைக் காட்டியது.

இந்தியாவின் பங்கு அண்மையது. இஸ்ரோவின் எக்ஸ் கதிர் ஆய்வுச் செயற்கைக்கோள் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் உள்ள, பெங்களூரு யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் செய்த எக்ஸ்பெக்ட் கருவி, ஜனவரி 5 அன்று முதலில் திரும்பியதும் காசியோப்பியா ஏ பக்கம்தான். பிரகாசமானது, மேடுகள் நன்கு அறிந்தவை என்பதால் புதுக் கருவியைச் சரிபார்க்க வசதி. மக்னீசியம், சிலிக்கன், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு அனைத்தும் பதிவாயின. எக்ஸ்பெக்ட் படம் எடுக்காது, நிறமாலை மட்டுமே தரும். எந்தத் தனிமம் எந்தப் பக்கம் சிதறியது என்று கேட்டால் இன்றும் சந்திரா போன்ற படமெடுக்கும் தொலைநோக்கியிடம்தான் போக வேண்டும்.