உறங்கிய லொறியும் உழைப்பின் வரலாறும்

குளங்களைக் கட்டிய மன்னர்களின் பெயர்களை நம் மாணவர் மனனம் செய்கின்றனர். அணைக்கட்டுகளைத் திறந்துவைத்த அமைச்சர்களின் பெயர்களோ கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், அந்நீரால் விளைந்த நெல்லைச் சுமந்து சென்றவர் யார்? இவ்வினாவுக்கு நம் பாடநூல்களில் விடை இல்லை. சாகாமத்தில், குளத்து நீரை நம்பி வாழும் வயல்களுக்கு அருகே, பாழடைந்த நெற்கிட்டங்கி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற ஒரு பழைய பெட்போர்ட் லொறியே அவ்வினாவை நம்முன் எழுப்பியது.

புகைவண்டி 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடைந்தது. அதற்குத் தெற்கே ஓர் அடிகூட நகரவில்லை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் இன்றுவரை தண்டவாளம் கிடையாது. 1924இல் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்பட்டபின், மட்டக்களப்பு வாவியைக் கடக்கத் தோணியை நம்பியிருக்கவேண்டிய நிலை நீங்கியது. எனினும் இக்கரையோரத்தின் நெல் நெடுங்காலம் மாட்டுவண்டியிலேயே பயணம் செய்தது. மோட்டார் லொறி இப்பிரதேசத்துக்கு ஆடம்பரப் பொருளாக வரவில்லை. புகைவண்டி இல்லாத குறையை நிரப்பவே வந்தது.

உலகின் முதல் மோட்டார் லொறியை 1896இல் ஜெர்மனியில் டெய்ம்லர் உருவாக்கினார். அதன் வலு நான்கு குதிரைவலுதான். ஐம்பதே ஆண்டுகளில் அவ்வாகனம் உலகப்போர்களின் சுமைகாவியாகவும் சமாதான காலத்தின் கூலியாளாகவும் வளர்ந்துவிட்டது. பட்டிப்பளை ஆறு எனத் தமிழ்பேசும் மக்கள் வழங்கிவந்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறிக்கும் பெருந்திட்டம் 1949இல் தொடங்கியபோது, அமெரிக்க ஒப்பந்த நிறுவனமாகிய மொரிசன் நுட்சன் பெரும் மண்வாரி இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. காடு வயலாயிற்று; வயல் பெருகவே சுமை பெருகிற்று; சுமை பெருகவே லொறியும் பெருகிற்று.

ஆனால் இயந்திரத்துக்குத் தன்னளவில் அறமில்லை. 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர்மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டபோது, அரசின் வாகனங்களையும் வெடிமருந்தையும் கும்பல்கள் கைப்பற்றிப் பயன்படுத்தின. 150 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. விதைநெல் சுமக்க வந்த சக்கரங்களே கொலைஞரையும் சுமந்தன. பழைய வாகனங்களைப் பற்றி எழுதுவோர் இதனை மறந்து, இனிய நினைவுகளை மட்டும் மீட்டுவார்களானால் அது வரலாறு ஆகாது.

சாகாமத்து லொறி 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர் கொண்ட பெற்றோல் வண்டி. உரிமையாளர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் போடியார். கடைசியாக அதனை ஓட்டியவர் திருக்கோவிற் பக்கத்துத் தமிழர். மூடை ஏற்றியோர் இரு சமூகத்தாரும். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, வாகனங்களும் உதிரிப்பாகங்களும் வருவது அரிதானபோது, இத்தகைய லொறிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் சிறு பட்டறைகளின் தொழிலாளர்களே. தேய்ந்த உறுப்பைக் கடைசலில் இட்டுப் புதிதாக்கினர். ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்கு இசைவித்தனர். அமெரிக்கத் தடைக்குப் பின்னர் கியூபாவின் தொழிலாளர் பழைய கார்களை ஓடவைத்த திறமையை உலகம் வியந்து பேசுகிறது. அதே திறமை நம் தெருக்கோடிப் பட்டறையிலும் இருந்தது; அதை வியக்கத்தான் எவரும் இல்லை.

1990இல் போர் இப்பகுதியைப் பிளந்தது. முஸ்லிம் விவசாயி தன் வயலுக்குப் போக அஞ்சினார். தமிழ்த் தொழிலாளி நகரத்துக்கு வர அஞ்சினார். லொறி கிட்டங்கியிலேயே நின்றுவிட்டது. சக்கரங்களும் பற்றரியும் களவு போயின. 2009இல் போர் முடிந்தபின்னும் அதை நாடுவார் இல்லை. போடியாரின் பேரன் அண்மையில் கிட்டங்கியைத் திருத்த முற்பட்டபோதுதான் அதன்மீது கவனம் விழுந்தது. பழைய சாரதியைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தார். எழுபதைக் கடந்த அம்முதியவர் முதலில் லொறியைப் பார்க்கவில்லை. போடியாரின் குடும்பத்தில் யார் யார் எஞ்சியிருக்கின்றனர் என்றே விசாரித்தார்.

நீண்டகாலம் உறங்கிய இயந்திரத்தை உடனே இயக்க முனைவது அதனைக் கொல்வதாகும். சிலிண்டர்ச் சுவரில் துருவேறிப் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பலவந்தமாகச் சுழற்றினால் வளையம் முறியும். "அவசரப்பட்டா எலாது தம்பி. எண்ணெய் உள்ளுக்க ஊறட்டும்" என்றார் சாரதி. தீப்பொறிக் குமிழ்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினர். பல நாள் கழித்து, முன்புறக் கைப்பிடியால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தனர். ஒரு மாலையில் அது விரற்கடையளவு நகர்ந்தது. பின்னர் அடித்தட்டைக் கழற்றிக் களிபோல் உறைந்திருந்த பழைய எண்ணெயை வழித்தெடுத்தனர். எரிபொருட் தாங்கியிலே பெற்றோல் பிசினாகி இருந்தது. எலி கடித்த மின்கம்பிகளையும், உளுத்துப்போன பிரேக் இறப்பர்களையும் மாற்றினர். ஓடவைப்பதற்கு முன்னர் நிறுத்தும் வழியைச் சரிசெய்ய வேண்டுமென்பது சாரதியின் கண்டிப்பு. இறுதியில், வெளியே தொங்கவிட்ட சிறு தகரத்திலிருந்து பெற்றோல் ஊட்டி முடுக்கியபோது, இருமுறை இருமிப் புகை கக்கிப் பின் அது சீராக இயங்கிற்று.

சிக்கல் அதன் பிறகே எழுந்தது. பின்தட்டின் பக்கப் பலகைகளில் கத்தியால் கீறிய கோடுகள் நெருக்கமாக நிறைந்திருந்தன. அவை மூடைக் கணக்கு. மூடைக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற சுமைதூக்கிகள், முதலாளியின் கணக்குப் புத்தகத்தை நம்பாது தாமே வைத்த கணக்கு. எழுத்தறியாத கைகள் எழுதிய ஆவணம் அது. அப்பலகைகளைக் கழித்துவிட்டுப் புதுப்பலகை அறைந்து, பளபளப்பான வர்ணம் பூசிக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடவேண்டும் என்பது இளைஞரின் எண்ணம். போட்ட பணத்தை மீட்க வேண்டாமா என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. நாம் மாணவர் சிலருடன் சென்று அக்கோடுகளை எண்ண முயன்றோம். நானூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிற்று. அருகில் நின்ற சாரதி சில கோடுகளைத் தொட்டு, அவற்றைக் கீறியவர்களின் பெயர்களைச் சொன்னார். அவர்களிற் பலர் இன்று இல்லை. இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், உளுத்த பலகைகளை மட்டும் மாற்றவும், கீறல் உள்ளவற்றை வர்ணம் பூசாமல் விடவும் இசைந்தார்.

கோயம்புத்தூரில் 2015 முதல் பழங்கார்களுக்கென ஒரு காட்சியகம் உண்டு. நாடெங்கும் செல்வர்கள் தம் முன்னோரின் வண்டிகளைப் பேணுகின்றனர். அம்முயற்சிகளை நாம் இகழவில்லை. ஆனால் பேணப்படுவது எது? உரிமையாளரின் பெருமையா, ஓட்டியவரின் வாழ்வா? இயந்திரத்தை மட்டும் மீட்டு, அதனோடு இயங்கிய மனிதரை மறதியில் விடுவோமானால் நாம் மீட்டது இரும்பை மட்டுமே.

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் தத்தம் ஊரின் கிட்டங்கிகளையும் பட்டறைகளையும் ஒருமுறை நாடிச்செல்லட்டும். துருப்பிடித்த வண்டி இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். அதனை ஓட்டிய முதியவர் காத்திருக்கமாட்டார். அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள ஓர் அப்பியாசப் புத்தகமும் பென்சிலும் போதும்.