கோலா கங்சார் வீடுகளில் பழைய தமிழ்ப் படங்கள்: வந்த வழியும் வராமற்போனவையும்

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. ஹியூ லோ பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1877இல், இந்த ஊருக்கு வந்த கன்றுகளில் எஞ்சியது என்பார்கள். வேலி, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஏறத்தாழ நூற்றைம்பது வயதான மரத்தைக் காப்பாற்றிவிட்டோம். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும் படத்தின் ஒரு ரீல்கூட இன்று இல்லை. பழைய தமிழ்ப் படம் தோட்டத்து வீட்டுக்குள் எந்தப் பிரதியாக வந்து சேர்ந்தது என்ற ஆராய்ச்சியை இந்த இழப்பிலிருந்துதான் தொடங்க முடியும்.

தோட்டத்தில் படம் என்பது முதலில் திடலில் நடந்த ஒரு விசேஷம். வெள்ளைத் துணி கட்டி, படப்பெட்டி வந்து, லயத்துச் சனம் பாயோடு போய் இடம்பிடித்தது. அதை விட்டால் பட்டணத்துத் தியேட்டர். வந்த படம் போய்விட்டால் மறுபடி பெட்டி வரும்வரை பாட்டும் வசனமும் நினைவில்தான் ஓடும். 1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கிய பிறகும், எந்தப் படம், எப்போது என்பதை நிலையம் தீர்மானித்தது. வீட்டிலிருப்பவர் தேர்ந்தெடுக்க முடிந்தது வீடியோ கேசட் வந்த பிறகே.

அடுத்து விசிடி. ஒரு தட்டில் எழுபத்துநான்கு முதல் எண்பது நிமிடம்வரைதான் கொள்ளும். ஆகவே தமிழ்ப் படம் இரண்டு தட்டாகவோ மூன்றாகவோ வந்தது. பாட்டின் நடுவில் எழுந்து தட்டு மாற்றியவர்களுக்கு அந்த வெட்டு இன்றும் நினைவிருக்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் திருட்டுப் பிரதிகள் குவிந்ததும், மலேசிய அரசு ஒளித்தட்டுத் தயாரிப்புக்கு உரிமம் கட்டாயமாக்கி 2000இல் தனிச் சட்டமே இயற்றியதும் இந்தக் காலத்தில்தான்.

என் அலமாரியில் ‘ஹரிதாஸ்’ (1944) விசிடி ஒன்று இருக்கிறது. படச்சுருள் வினாடிக்கு 24 சட்டம் ஓடுவது. மலேசியாவும் இந்தியாவும் பின்பற்றிய பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கு 25 வேண்டும். பலரும் சுருளை அப்படியே சற்று வேகமாக ஓட்டிப் பதிவு செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும், குரலும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயரும். தியாகராஜ பாகவதர் சும்மாவே மேல் சுருதியில் பாடுகிறவர். அவரை இன்னும் மேலே தூக்கிவைத்துக் கேட்டோம், அதுதான் அவர் குரல் என்றும் நம்பினோம்.

பிரதியின் குறை இது. மூலத்தின் கதை இதைவிட மோசம். ஐம்பதுகளின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். புனேயில் 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீயில் அத்தகைய பழஞ்சுருள்கள் பெருமளவில் அழிந்தன. பின்னால் வந்த அசிட்டேட் சுருளோ ஈரப்பதத்தில் புளிக்கும். பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். வண்ணப் படங்களில் நீலமும் பச்சையும் முதலில் வெளிறிப்போய்ச் செம்மை மட்டும் மிஞ்சும். போதாததற்கு, வெள்ளிக்காகச் சுருளைக் கழுவி விற்றவர்களும் உண்டு. கடைக்கு வந்த விசிடிகளில் பலவும் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்தவை என்பதைப் படத்தில் விழும் கோடுகளே சொல்லும்.

மறுசீரமைப்பு தமிழில் பெரிய பேச்சானது 2012 மார்ச் 16இல். பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்தை திவ்யா பிலிம்ஸ் சொக்கலிங்கம் டிஜிட்டலில் சீராக்கித் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் வெளியிட்டார். நூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்த வேலையின் அளவைப் பாருங்கள்: மூன்று மணி நேரப் படத்தில் 2,59,200 சட்டங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் அகற்றி, வண்ணத்தைச் சீராக்க வேண்டும். ஒலிக்குத் தனி வேலை. இந்தச் செலவைத் தியேட்டர் திருப்பித் தரும் என்று ‘கர்ணன்’ காட்டியது. 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2015இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எனத் தொடர்ந்தது.

இங்கேதான் சிக்கல் என்பது என் கணிப்பு. டிக்கெட் வசூலை நம்பிச் செய்யும் சீரமைப்பு, வசூல் தரக்கூடிய படத்தையே தேடும். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் பிழைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் வண்ணத்தில். முப்பதுகளின், நாற்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ (1939) பிரிட்டிஷ் அரசு தடை செய்த படம். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கிறது. கோலா கங்சாரில் அதைப் பார்க்க நினைப்பவருக்கு அந்தத் தகவலால் என்ன பயன்?

வீட்டு ரசிகரை மனத்தில் வைத்துச் செய்த சீரமைப்புகளும் உலகில் உண்டு. 1993இல் லண்டன் லேப் ஒன்றில் கருகிய ‘பதேர் பாஞ்சாலி’ நெகடிவிலிருந்து மீட்ட பிரதி 2015இல் புளூரே தட்டாக விற்பனைக்கு வந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் செலஸ்டியல் பிக்சர்ஸ். மலேசிய முதலீட்டில் உருவான அந்த நிறுவனம் ஷா பிரதர்ஸின் 760 ஹாங்காங் படங்களின் உரிமையை வாங்கி, சீராக்கி, 2002 முதல் டிவிடியாகக் கொண்டுவந்தது. மலாய்ப் படங்களுக்கும் ஓரளவு கவனிப்பு கிடைத்தது: எல். கிருஷ்ணன், பி.என். ராவ் போன்ற இந்திய இயக்குநர்கள் உழைத்த கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 91 மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறின. தமிழ்ப் படத்துக்கு இந்த நாட்டில் லட்சக்கணக்கான ரசிகர்கள் இருந்தும் அப்படி ஒருவர் முன்வரவில்லை. நாம் வாடிக்கையாளராகவே இருந்துவிட்டோம்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா? இந்தியாவில் திரைப்படக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் ‘கர்ணன்’ 2025 ஜனவரி 1இல் பொதுவுடைமை ஆகிவிட்டது. ‘ஹரிதாஸ்’ எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் உரிமை தீர்ந்ததால் மட்டும் நெகடிவ் இருக்கும் அறை திறந்துவிடாது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றான பிறகு, செலவழித்துச் சீராக்க யாருக்கும் அவசரமும் இல்லை. எனவே இணையத்தில் ஏறுவது பழைய கேசட், விசிடிப் பிரதிகளே.

1996இல் வந்த ஆஸ்ட்ரோ வானவிலும் பின்னர் யூடியூப்பும் தேடலை எளிதாக்கின. படத்தின் தரம் அதோடு உயரவில்லை. அகலத்திரைத் தொலைக்காட்சி வந்ததும் புதுக் கோளாறு ஒன்றும் சேர்ந்தது. பழைய படத்தின் சட்டம் ஏறக்குறையச் சதுரம். திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் படம் போய்விடும். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) போட்டி நடனத்தை அப்படி வெட்டிய பிரதியில் போட்டால் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் முழங்காலுக்கு மேலேதான் ஆடுவார்கள். ரிமோட்டில் 4:3 என்று மாற்றினாலும் பயனில்லை. பிரதியிலேயே பாதம் இருக்காது.