தொடுகாப்பு இணைப்பி

தொடுகாப்பு இணைப்பி என்பது, நோயாளியின் உடலில் ஒட்டப்படும் மின்வாய்களிலிருந்து கண்காணிப்புக் கருவிக்குச் செல்லும் கம்பிகளின் முனையில் உலோகப் பகுதி வெளியே நீளாதவாறு அமைக்கப்பட்ட மின்னிணைப்பி ஆகும். ஈ.சி.ஜி. கருவி, குழந்தைகளின் மூச்சுக் கண்காணிப்பி முதலியவற்றின் கம்பிகள் தவறுதலாக மின்வழங்கலில் செருகப்படுவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

பின்னணி

பழைய வகைக் கம்பிகளின் கருவிப்பக்க முனையில் சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெற்று உலோக ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. மருத்துவக் கருவிகளுக்கும் கணினிகளுக்கும் மின்சாரம் கொண்டுவரும் கழற்றத்தக்க மின்வடத்தின் துளைகளோ, 4 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள தகடுகளுக்காக அமைந்தவை. எனவே ஊசி அத்துளையினுள் எளிதாக நுழைந்துவிடும். கட்டிலருகே இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவது வழக்கம்.

மின்வாயில் உள்ள பசை, தோலின் மின்தடையைக் குறைப்பதற்கென்றே இடப்படுவது. ஆகவே இவ்விபத்து, மின்கம்பியைக் கைதவறித் தொடுவதைக் காட்டிலும் கொடியது. மார்பின் ஊடாகச் சுமார் 100 மில்லிஆம்பியர் மாறுமின்னோட்டம் பாய்ந்தாலே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிக்கத் தொடங்கிவிடும். 1986இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு சிறுமியும், 1993இல் அந்நாட்டிலேயே ஒரு கைக்குழந்தையும் இவ்வாறு உயிரிழந்தனர்.

நிறக் குறியீட்டின் போதாமை

கம்பிகளின் நிறத்தை நம்பிப் பிழையைத் தவிர்க்கலாம் எனக் கருதுவது சரியன்று. அமெரிக்க முறையில் சிவப்பு இடக்காலைக் குறிக்கும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறையில் அதே சிவப்பு வலக்கையைக் குறிக்கும். மேலும், நிறம் கண்ணுக்குத்தான் எச்சரிக்கை தரும். பொருந்தாத வடிவமோ கையையே தடுத்துவிடும். நள்ளிரவுப் பணியில் இருப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது.

விதிமுறை

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1993இல் எச்சரிக்கை விடுத்தது. பின்னர் 1997 மே மாதத்தில் கட்டாயத் தரநிலையை வெளியிட்டது. இது 1998இல் சில கருவிகளுக்கும், 2000 மே முதல் ஏனைய கருவிகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. இத்தரநிலை பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60601-1 தரத்தைத் தழுவியது. கம்பியின் கருவிப்பக்க முனையை 100 மி.மீ. விட்டமுள்ள தட்டையான உலோகப் பரப்பில் வைத்தாலும் அதன் கடத்தும் பகுதி அதனைத் தொடக்கூடாது என்பது சோதனைகளுள் ஒன்று.

அமைப்பு

செருமனியின் டின் 42802 தரத்தின்படி அமைந்த 1.5 மி.மீ. இணைப்பி இவ்வகையில் பரவலானது. இதில் ஊசி கருவியின் பக்கத்தில், காப்புக் குழிக்குள் ஆழமாக அமைந்திருக்கும். கம்பியின் முனையில் இருப்பது துளை மட்டுமே. அதனைச் சுற்றிலும் நெகிழி உறை உண்டு. ஊசியும் துளையும் இடம் மாறியதே இங்கு முக்கியமான மாற்றம்.

குறைபாடுகள்

பழைய கருவிகளில் புதிய கம்பிகளைப் பொருத்த மாற்றிகள் பயன்படுத்தப்பட்டன. கழற்றும்போது மாற்றி கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், வெற்று ஊசி மீண்டும் வெளிப்பட்டுவிடும். ஆகவே அதனைக் கருவியிலேயே நிலையாகப் பொருத்துவது அவசியம். மூளை மின்னலை, தசை மின்னலைக் கருவிகளிலும் இதே 1.5 மி.மீ. இணைப்பி இருப்பதால், ஒரு கருவியின் கம்பி மற்றொன்றில் செருகப்படுவதை இது தடுப்பதில்லை.