ஒற்றைச் செவியின் வரலாறு

மாணவர்களே, ஒரு கண்ணில் பார்வை இழந்தவரை உலகம் எளிதில் அறிந்துகொள்ளும். ஒரு காதில் கேட்கும் திறனை இழந்தவரை அவ்வாறு அறிந்துகொள்வதில்லை. அவர் நம்மோடு உரையாடுகிறார், வினவினால் விடை கூறுகிறார், வானொலியும் கேட்கிறார். ஆகவே அவருக்குக் குறையொன்றும் இல்லை என்று சுற்றத்தார் எண்ணிவிடுகின்றனர். “இன்னொரு காதுதான் நன்றாகக் கேட்கிறதே!” என்னும் ஆறுதல் மொழியோடு அவருடைய குறை மறக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஆறுதல் போதாது என்பதை மருத்துவ உலகம் உணர்வதற்கே நெடுங்காலம் ஆயிற்று. உணர்ந்தபின் அது கண்ட கருவிகளின் வரலாற்றையும், அக்கருவிகளோடு வாழ மனிதர் தம்மைப் பழக்கிக்கொள்ளும் விதத்தையும் இன்று காண்போம்.

இயற்கை நமக்கு இரண்டு காதுகளை அளித்தது எதற்காக? இவ்வினாவை எழுப்பி விடை தேடியவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு. 1904ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். 1870களில் அவர் ஓர் எளிய சோதனை செய்தார். புல்வெளியில் கண்களை மூடி நின்றுகொண்டு, சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பேசச் சொன்னார். எவர் பேசினாலும் அவர் நிற்கும் திசையை ரேலியால் சரியாகக் கூற முடிந்தது. இச்சோதனையை நீங்களும் பள்ளி மைதானத்தில் செய்து பார்க்கலாம். பிறகு ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு மீண்டும் செய்து பாருங்கள். திசை தடுமாறுவதை நீங்களே உணர்வீர்கள்.

காரணத்தை ரேலி 1907ஆம் ஆண்டில் தெளிவாக்கினார். வலப்புறத்தில் எழும் ஒலி வலக் காதை முதலில் அடைகிறது. இடக் காதைச் சற்றுப் பின்னர் அடைகிறது. இவ்விடைவெளி, மிகுந்த அளவில் பார்த்தாலும், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் மூளை அதைக் கணக்கிட்டுத் திசையை உணர்கிறது. மேலும், உச்சமான சுருதியுள்ள ஒலிகளைத் தலை தடுத்துவிடுகிறது. வெயிலை மரம் தடுத்து நிழல் வீழ்த்துவதுபோல, ஒலிக்குத் தலை நிழல் வீழ்த்துகிறது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளோ தலையைச் சுற்றி வளைந்து வந்துவிடுகின்றன.

ஒரு காது கேளாதவர் இழப்பது இப்போது விளங்கும். மணியடித்து வரும் சைக்கிள் எப்பக்கம் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. கேளாத பக்கத்திலிருந்து ஒருவர் மெல்லப் பேசினால், உயிரெழுத்தின் ஓசை வந்து சேரும். மெய்யெழுத்தின் கூர்மை தலையின் நிழலில் தேய்ந்துவிடும். பட்டம், சட்டம், கட்டம் என்னும் மூன்று சொற்களும் ஒன்றுபோல் ஒலிக்கலாம். பலர் ஒருங்கே பேசும் இடத்தில் ஒருவர் குரலை மட்டும் பிரித்தெடுப்பதும் இரு காதுகள் கூடிச் செய்யும் வேலையே. அதனால் திருமண வீட்டின் ஆரவாரத்தில் அவர் புன்னகையோடு வாளாவிருப்பதைக் காண்கிறோம். பிறவியிலேயே இக்குறை அமைவது உண்டு. பொன்னுக்கு வீங்கி என்று நாம் சொல்லும் நோயாலும் சிறுவர்க்கு இது நேர்வதுண்டு.

இனிக் கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். பழங்காலத்தில் கொம்பு போன்ற குழலைக் காதில் வைத்துக் கேட்டனர். 1876ஆம் ஆண்டில் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியே மின்சாரக் கேட்புக் கருவிகள் தோன்றின. பின்னர் வெற்றிடக் குழாய்க் கருவிகள் வந்தன. 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின் கருவி காதின் பின்னே அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. இவை யாவற்றின் நோக்கமும் ஒன்றே: ஒலியைப் பெருக்கித் தருதல். முற்றும் செயலிழந்த காதில் ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் பயன் யாது? ஆகவே கேட்புக் கருவிகள் பெருகிய காலத்திலும், ஒரு காது முற்றும் கேளாதவர் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது.

1965ஆம் ஆண்டில் புதியதோர் எண்ணம் பிறந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ஃபோர்டு, பாரி என்னும் இருவர், ஒலியைப் பெருக்குவதற்கு மாறாக ஒலியை இடம் மாற்றினர். கேளாத காதருகே ஒரு மைக்ரோபோன். அது பிடிக்கும் ஒலி கம்பி வழியே நல்ல காதுக்கு வந்து சேரும். கம்பியை மூக்குக் கண்ணாடியின் சட்டத்துக்குள் மறைத்து வைத்தனர். நல்ல காது இயல்பாகவும் கேட்க வேண்டுமாதலால் அதை அடைக்காமல் திறந்தே விட்டனர். இன்று கம்பி மறைந்து, ஒலி வானொலி அலையாகவே தலையைக் கடந்து செல்கிறது.

மற்றொரு வழி எலும்பின் வழி. பற்களுக்கிடையே கோலைக் கவ்விக்கொண்டு ஒலியைக் கேட்க இயலும் என்று இத்தாலிய அறிஞர் கார்டானோ 1550ஆம் ஆண்டிலேயே எழுதினார். எலும்போடு டைட்டேனியம் இணைந்துவிடும் தன்மையை ஸ்வீடன் நாட்டுப் பிரானமார்க் கண்டறிந்தார். அதன் பயனாக 1977ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் காதின் பின்புற எலும்பில் சிறு திருகாணி பதித்து, அதில் கேட்புக் கருவியைப் பொருத்தினர். கேளாத பக்கத்து ஒலி மண்டையோட்டின் வழியே மறுபக்கத்து நல்ல காதை எட்டுகிறது. ஒற்றைக் காது கேளாதவர்க்கு இதைப் பொருத்த அமெரிக்க அரசு 2002ஆம் ஆண்டில் இசைவளித்தது.

மூன்றாவது வழி, உட்செவியின் நத்தைக் கூட்டுக்குள்ளே மின்முனைகளை வைத்து நரம்பை நேரே தூண்டுவது. கேளாத காதில் ஓயாத இரைச்சலால் துன்புற்றவர்க்கு இச்சிகிச்சை செய்து, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டனர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் ஒற்றைக் காது கேளாதவர்க்கு இதை ஏற்றது.

முதலிரண்டு கருவிகளும் ஒலியை நல்ல காதுக்குச் சுமந்து வரும் தூதர்களே. இரண்டாவது காதை அவை அளிப்பதில்லை. ஆகவே இடப்புற ஒலியை வலக் காதில் கேட்பவர், தொடக்கத்தில் வலப்புறமே திரும்பிப் பார்ப்பார். கேளாத பக்கத்தில் சாலை இரைச்சல் மிகுந்தால், கருவி அவ்விரைச்சலையும் தவறாமல் கொண்டுவந்து நல்ல காதில் கொட்டிவிடும். எப்போது கருவியை இயக்குவது, எப்போது நிறுத்துவது, எங்கே அமர்வது என்பனவற்றைப் பழகித்தான் அறிய வேண்டும். அமைதியான வீட்டில் சிறிது நேரம், பின்னர் சிறு கூட்டத்தில், அதன்பின் கடைவீதியில் என்று படிப்படியாகப் பழகுவது நலம். மூன்றாவது முறையோ கேளாத காதையே மீட்க முயல்வது. அதில் முதல் நாட்களில் மனிதக் குரல் இயந்திரக் குரலாக ஒலிப்பதுண்டு. அக்காதால் மட்டும் கேட்டுக் கேட்டு மாதக் கணக்கில் பயிற்சி செய்தாலே பேச்சு பேச்சாகும். எழுத்தறிந்த சிறுவன் உடனே நூல் கற்றவன் ஆகிவிடுவானோ? கருவியும் அத்தகையதே.

இவ்வரலாற்றில் மாணவ உலகுக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டில் பெஸ், தார்ப் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒற்றைக் காது கேளாத பள்ளிச் சிறுவர்களை ஆராய்ந்தனர். ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஒரு வகுப்பிலேனும் தேறாமல் நின்றிருந்தனர். ஒரு காது போதும் என்னும் பழைய எண்ணம் அதனால் ஆட்டங்கண்டது. ‘ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறான்’ என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்வது நம் நாட்டு வழக்கம். அவ்வாறு கடியப்பட்ட பிள்ளைகளுள், வாங்குவதற்கே ஒரு காதுதான் உடையவர் சிலரும் இருந்திருப்பர் அல்லவா?

கருவிகள் விலை மிகுந்தவை. எல்லார்க்கும் உடனே கிட்டுவனவும் அல்ல. ஆனால் விலையில்லாத உதவி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்துக் கேட்கும் தோழனோ தோழியோ உங்கள் வகுப்பில் இருந்தால், தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். அவர்தம் நல்ல காது ஆசிரியரை நோக்கும்படி இடம் மாற்றிக் கொடுங்கள். உடன் நடக்கையில் நல்ல காதுள்ள பக்கத்தில் நடங்கள். அவர் தவறான திசையில் திரும்பினால் நகைக்காதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்துப் பேசுங்கள். காதைச் சோதித்துப் பார்க்குமாறு பெற்றோரிடம் சொல்லவும் தூண்டுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியையும் அளந்தறியும் மூளை, அன்பான குரலை ஒற்றைக் காதின் வழியேனும் தவறாது பற்றிக்கொள்ளும்.