கார் உங்களுடையது, நிலம் அவருடையது, கொக்கி இன்னொருவருடையது

ஒரு கடையின் முன்னால் காரை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறீர்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கார் இல்லை. திருட்டுப் போகவில்லை. அந்த இடத்தின் சொந்தக்காரரோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் டோயிங் கம்பெனி இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர்க்கோடியில் ஏதோ ஒரு யார்டில், கம்பி வேலிக்குப் பின்னால் நிற்கிறது. பணம் கட்டினால் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டத் தாமதமானால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

அமெரிக்காவில் இது அன்றாடச் சண்டை. ஆனால் இந்தச் சண்டையைவிட, இதைத் தீர்க்க அவர்கள் போட்ட சட்டங்களின் கதைதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. இதில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நிலத்துக்காரர், டோயிங்காரர், கார்க்காரர். ஒப்பந்தம் முதல் இரண்டு பேருக்கு நடுவில். பணம் கொடுப்பதோ மூன்றாவது ஆள். நிலத்துக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு டாலர்கூடச் செலவில்லை. அதனால் "ஏம்பா இவ்வளவு கூலி?" என்று பேரம் பேச வேண்டியவருக்கு அந்த அவசியமே இல்லை, பேச நினைப்பவரை யாரும் கேட்பதில்லை!

வேடிக்கை என்னவென்றால், டோ டிரக் பிறந்தது உதவி செய்வதற்காக. 1916இல் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக், ஓடையில் விழுந்த ஒரு காரைக் கயிறும் கட்டையும் ஆட்களுமாக மணிக்கணக்கில் போராடி வெளியே எடுத்தார். இனி இப்படி மாரடிக்க முடியாது என்று, 1913ஆம் வருடத்துக் காடிலாக் ஒன்றின் மேல் மூன்று கம்பங்களையும் ஒரு கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார். அதுதான் ஆரம்பம். அந்த ஊரில் டோயிங் வண்டிகளுக்கென்றே இன்று ஒரு மியூசியம் இருக்கிறது.

உதவிக்கு வந்த வண்டி எப்போது வில்லன் ஆனது? நகரங்களில் கார்கள் பெருகி, நிறுத்த இடம் சுருங்கியபோது. அபார்ட்மென்ட்காரர்களும் கடைக்காரர்களும் "இது எங்கள் இடம்" என்று போர்டு வைத்தார்கள். அந்த போர்டுக்குப் பலம் கொடுக்க டோயிங் கம்பெனிகள் வந்தன. சில கம்பெனிகள் யாரும் கூப்பிடாமலே ராத்திரியில் ரோந்து சுற்றி, விதி மீறிய கார்களைத் தேடித் தேடித் தூக்கின. 1970களின் தொடக்கத்திலேயே ஸ்டீவ் குட்மன் என்ற பாடகர், சிகாகோவின் லிங்கன் பார்க் வட்டாரத்து டோயிங்காரர்களைக் கடற்கொள்ளையர் என்று கிண்டல் செய்து பாட்டே கட்டிவிட்டார் என்றால் பாருங்களேன்.

நிலத்துக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் இடத்தில் எவனோ நிறுத்திவிட்டுப் போனால் அவர் எங்கே நிறுத்துவார்? இந்த நியாயம் கார் காலத்தது அல்ல, மாட்டுக் காலத்தது. அடுத்தவன் மாடு என் வயலில் மேய்ந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நஷ்டத்தைக் கேட்கலாம் என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். அதே ஆங்கிலேயர்கள் 1871இல் இந்தியாவுக்குப் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் தெளிவாக இருந்தது. பயிரை மேய்ந்த மாட்டை நீங்கள் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தின் மாட்டுப் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். அபராதத்தையும் தீனிச் செலவையும் வசூலிப்பது பட்டிக்காரர். தவறாகப் பிடித்திருந்தால் மாட்டுக்காரர் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நஷ்ட ஈடு 100 ரூபாய் வரை.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். பிடிப்பவர் ஒருவர், வைத்திருப்பவர் வேறொருவர், தப்பா சரியா என்று சொல்பவர் மூன்றாமவர். டோயிங்கிலோ பிடிப்பவர், வைத்திருப்பவர், கூலியை வசூலிப்பவர் எல்லாம் ஒரே ஆள். மாட்டுக்கு இருந்த நடைமுறை காருக்கு இல்லாமல் போய்விட்டது!

அந்த ஓட்டையை அடைக்க நகராட்சிகளும் மாநிலங்களும் விதிகள் போட்டன. அங்கேதான் ஒரு எதிர்பாராத குறுக்கீடு. 1994இல் அமெரிக்க காங்கிரஸ் லாரித் தொழிலின் மேல் இருந்த மாநிலக் கட்டுப்பாடுகளை நீக்க நினைத்தது. சரக்கு ஏற்றும் வண்டிகளின் விலை, வழித்தடம், சேவை பற்றி மாநிலங்கள் சட்டம் போடக்கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்தது. (சேர்த்தது எதில் தெரியுமா? விமானத்துறைக்கான சட்டத்தில்!) டோ டிரக்கும் ஒரு பொருளை ஏற்றிச் செல்கிற வண்டிதானே என்று கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1998இல் அட்லாண்டா நகரத்தின் டோயிங் விதிகள் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாரிக்காரருக்குக் கொடுத்த சுதந்திரம் சரி. சரக்கு அனுப்புகிறவர் பிடிக்காவிட்டால் வேறு லாரியைப் பார்ப்பார். டோ செய்யப்பட்டவர் வேறு யாரைப் பார்ப்பார்?

இந்தத் தவறைக் காங்கிரஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்தியது. சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் இழுக்கும் வண்டிக்கு மாநிலங்கள் விலை வைக்கலாம் என்று 1995இல் ஒரு விலக்கு. பாதுகாப்புக்கான விதிகளை மாநிலம் தன் நகரங்களிடம் ஒப்படைக்கலாம் என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, கொலம்பஸ் நகரத்தின் வழக்கில். பிறகு 2005இல்தான் முக்கியமான வரி வந்தது: தனியார் இடத்திலிருந்து இழுப்பதற்கு முன் நிலத்துக்காரரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், அவரோ அவருடைய ஆளோ அங்கே நிற்க வேண்டும் என்று மாநிலங்கள் கேட்கலாம்.

கலிஃபோர்னியாவின் சட்டம் இந்த விஷயத்தில் கெட்டி. ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் கையெழுத்து. கையெழுத்துப் போடுபவர் அங்கே இருந்து மீறலைப் பார்த்திருக்க வேண்டும். தீயணைப்புக் குழாயை மறைப்பது, வாசலை அடைப்பது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி. கொக்கி மாட்டியபிறகு, வண்டி அந்த இடத்தைவிட்டு வெளியேறுவதற்குள் கார்க்காரர் ஓடி வந்துவிட்டால் காரை இறக்கிவிட்டே ஆக வேண்டும். கூலியில் பாதிக்கு மேல் கேட்கக்கூடாது. கைகலப்பு நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான். ஒருவர் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார், இன்னொருவர் வின்ச்சை நிறுத்த மாட்டார். பாதிக் கூலி என்ற கணக்கு அந்த நிமிடத்தைச் சமாளிக்கிறது. இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் யாருக்கும் மண்டை உடையாது.

2007இல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். பனிப்புயல் வந்தால் பனி அள்ளுவதற்காகக் காரை நகர்த்த வேண்டும் என்பது அந்த அபார்ட்மென்டின் விதி. ஒருவர் நகர்த்தவில்லை. கடுமையான நோயோடு படுக்கையில் கிடந்தார் அவர். ஆஸ்பத்திரியில் சேர்த்து இடது காலின் பாதத்தை எடுத்தார்கள். அங்கேயே மாரடைப்பும் வந்தது. கார் இழுக்கப்பட்டதே அவருக்குத் தெரியாது. டான்ஸ் சிட்டி என்ற அந்த டோயிங் கம்பெனி அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. பணம் கட்டி மீட்டுக்கொள்கிறோம் என்று அவருடைய வக்கீல் தெரிவித்த பிறகும் கார் ஏலத்துக்குப் போனது. கடைசியில் வேறொருவருக்குக் கைமாறியது. இவருக்கு ஒரு காசும் வரவில்லை.

வழக்குப் போட்டபோது கம்பெனி காட்டியது அதே 1994 விதியை. உங்கள் மாநிலச் சட்டம் எங்களைத் தொடாது என்றது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் மறுத்தார்கள். இழுத்து முடித்து யார்டில் நிறுத்திய பிறகு அது போக்குவரத்துச் சேவையே அல்ல என்று தீர்ப்பை எழுதினார் நீதிபதி கின்ஸ்பர்க். அதோடு, காரை விற்கும் உரிமையை எந்த மாநிலச் சட்டத்திலிருந்து எடுத்தீர்களோ அதே சட்டம் கேள்வி கேட்டால் செல்லாது என்பீர்களா என்ற பொருளில் ஒரு குட்டும் வைத்தார்.

இதையெல்லாம் படித்தபோது, சண்டையின் கரு கட்டணம் அல்ல என்று தோன்றியது. வாதாடும் நாட்களில் கார் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கரு. டெக்சாஸில் 14 நாட்களுக்குள் அமைதி நீதிபதியிடம் விசாரணை கேட்கலாம். இழுத்தது தவறென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளை வேலைக்குப் போக வேண்டியவர் இன்றே பணத்தைக் கட்டித்தான் காரை எடுக்கிறார்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே டோயிங்கோடு, சக்கரத்தில் பூட்டுப் போடுவதும் வழக்கம். தனியார் இடத்தில் அப்படிப் பூட்டிப் பணம் கேட்பது திருட்டு, மிரட்டிப் பணம் பறிப்பது என்று ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992இலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அது புரிய இன்னும் இருபது வருடம் ஆனது. 2012 அக்டோபர் 1 முதல் அங்கே தனியார் இடத்தில் பூட்டுவதும் இழுப்பதும் குற்றம். டிக்கெட் மட்டும் ஒட்டலாம். டிக்கெட்டோடு சண்டை நிற்கவில்லை. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவசப் பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஒருவர், 85 பவுண்டு கட்டணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் தோற்றார். அத்தனை நாளும் கார் அவர் கையில்தான் இருந்தது.