அரங்கச் சுவரில் அடிமைகளின் பெயர்கள்

அல்பேனியாவின் தென்கோடியில், ஏரி சூழ்ந்த தீபகற்பத்தில் இருக்கிறது புட்ரிண்ட் என்னும் தொல்நகரம். 1992இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அவ்வூருக்குச் சுற்றுலாப் பயணியராகவே நாங்கள் சென்றிருந்தோம்.

குன்றின் அடிவாரத்தில், மருத்துவக் கடவுள் அஸ்கிலேப்பியஸின் கோயிலையொட்டி எழுந்தது அங்குள்ள கிரேக்க நாடக அரங்கு. வெர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தில் ஈனியஸ் வந்து தங்கும் ஊர் இதுவே. ஆதலால் உரோமின் பழம்பெருமைக்குச் சான்று தேடி முசோலினியின் இத்தாலி லூய்ஜி உகோலினி என்னும் தொல்லியலாளரை அனுப்பியது. 1928இல் அகழாய்வு தொடங்கியது.

மண்ணிலிருந்து வெளிப்பட்ட அரங்கச் சுவரோ வேறொரு வரலாற்றைச் சொல்லிற்று. அதில் பொறிக்கப்பட்டிருந்தவை அடிமைகளின் விடுதலைச் சாசனங்கள். கடவுளுக்கு உரியவராக அர்ப்பணித்து அடிமையை விடுவிப்பது அக்கால வழக்கம். விடுவித்தவர் பெயரோடு விடுதலை பெற்றவர் பெயரும் கல்லில் ஏறியது. ஊர் கூடும் அரங்கில் எழுதிவைத்ததை எவரும் எளிதில் மறுத்துவிட முடியாதல்லவா?

இன்று ஆடுகளத்தில் நிலத்தடி நீர் தேங்குகிறது. காவிய நாயகனைத் தேடிய ஆய்வு, காவியங்கள் பாடாதவர்களைக் கண்டெடுத்தது. நாடகமேடையைக் காணச் சென்ற நாங்களும் அச்சுவரின் முன்னேதான் நெடுநேரம் நின்றிருந்தோம்.