தப்பும் ஒலிவாங்கியும்

கண்டி என்றதும் பெரஹராவின் மேளவொலியே பலர் நினைவில் எழும். அந்நகரைச் சூழ்ந்த மலைகளில் இன்னொரு தோற்கருவியும் ஒலித்தது. அது தப்பு. விடியுமுன் லயன்களில் உறங்கியோரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது அதுவே. இன்று இக்கருவிகளை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய முனையும் இளைஞர், எந்த ஒலிவாங்கி ஏற்றது எனக் கேட்கின்றனர். விடை கூறுமுன் சிறிது சரித்திரம் அறிதல் நன்று.

கண்டி இராச்சியத்தில் கோயில் நிலத்துக்கு ஈடாக மேளம் கொட்டும் ஊழியம் பெரவா சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிந்தபோதும் விகாரை, தேவாலய நிலங்களில் அவ்வூழியம் நீங்கவில்லை. காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தோருடன் தப்பும் வந்தது. ஊரில் அதை அடித்தோர் சாதியால் தாழ்த்தப்பட்டோர். இங்கோ அது துரைமாரின் கடிகாரமாகவும் ஆக்கப்பட்டது. எனினும் காமன் கூத்தில் அதே தப்பு உழைப்பாளியின் சொந்தக் குரலாயிற்று.

இவ்வொலியைப் பதிவு செய்யக் கருவி வந்ததா? 1925க்கு முன்னர் இசைத்தட்டுகள் கூம்பின்முன் பதிவாயின. பேரதிர்ச்சியில் ஊசி தடம் விட்டுத் துள்ளுமாதலால் முழவுகள் தூர நிறுத்தப்பட்டன, அல்லது விலக்கப்பட்டன. 1925இல் மின்வழிப் பதிவு வந்தது. அவ்வாண்டிலேயே கொழும்பில் வானொலியும் தொடங்கிற்று. ஆனால் ஒலிவாங்கி விலையுயர்ந்த பொருள். அது எவர்முன் நிற்பது என்பதை நிலையத்தாரே தீர்மானித்தனர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். ஏட்டிலே சொல் நிற்கும். தப்பின் அடி நிற்குமோ? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா அனுப்பப்பட்டபோது, பதிவாகாத அடிகளும் அவர்களோடு போயின.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஒலிவாங்கி எளியோர் கைக்கும் எட்டுகின்றது. ஒன்றே வாங்க இயலுமாயின் டைனமிக் வகையை வாங்குக. காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருளால் இயங்கும் அது, பலத்த அடியைத் தாங்கும். பக்கத்து ஓசையைக் குறைவாகவே வாங்கும். தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, குச்சி விழும் இடத்துக்கு நேராக அன்றிச் சற்றுச் சாய்த்து வைத்தல் வேண்டும். கண்டென்சர் வகை நுண்மையானது. குச்சி தோலில் படும் கூர்மையைத் தெளிவாகத் தரும். ஆயின் பெரும்பாலும் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். தகரக் கூரையில் விழும் மழையையும் அது விடாது பதிவு செய்யும். தப்புக்கு முகம் ஒன்று. கண்டிய கெட்டபெரவுக்கு முகம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒலி வேறு. ஆதலால் அதற்கு இரண்டு ஒலிவாங்கிகள் நலம். அறையின் எதிரொலியை அடக்கச் சுவரில் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டாலே பெரிதும் பயன் உண்டு.

கருவியைத் தேர்ந்தபின் இன்னொரு கடமை உண்டு. அடிப்பவரின் பெயர், தோட்டம், அடியின் பெயர், அது எந்தச் சடங்குக்குரியது என்பவற்றை அவர் வாயாலேயே பதிவு செய்க. பிறரை எழுப்பியே பெயரின்றி மறைந்த தப்புக்காரருக்குச் சரித்திரம் பட்ட கடன் அது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதனைத் தீர்க்க முன்வரல் வேண்டும்.